அண்ணியின் கட்டைவிரல்

எங்கள் ஆய்வகத்தில் ஆரோக்கியமான கண் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், சுற்றி வளைக்காமல் என் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேராசிரியரே கட்டுரை எழுதி, அட்டவணை போட்டு, அதன் முதல் வரியில் 'ஆரோக்கியர் எண் ஒன்று' என்று அண்ணியை உட்கார வைத்திருக்கிறார். பெயர் கிடையாது, படம் கிடையாது, வெறும் எண்தான். அண்ணிக்கு அதுவே போதும். அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து, கூடத்தில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். கல்யாணப் படத்தில் அண்ணன் முகம் கொஞ்சம் மங்கிவிட்டது. அதைத் துடைக்க அவளுக்கு நேரமில்லை, எண் ஒன்றைத் தினமும் துடைப்பாள்.

நான் அதே ஆய்வகத்தில் எழுத்தர். கடிதம் தட்டுவது, பதிவேடு எழுதுவது, நோயாளிகளுக்குத் தேதி கொடுப்பது எல்லாம் என் வேலை. இந்த வேலையை வாங்கித் தந்தது அண்ணி. நான் எங்கே மறந்துவிடுவேனோ என்ற அக்கறையில் வாரத்துக்கு ஒரு முறை அவளே ஞாபகப்படுத்துவாள். குடியிருப்பதும் அவர்கள் வீட்டு மாடியில்தான். ஆக, காலையில் வீட்டில் அண்ணி, பகலில் வேலையில் அண்ணி, சாயங்காலம் திரும்பவும் வீட்டில் அண்ணி. என் பொறுமையையும் யாராவது ஒரு கட்டுரையாக எழுதலாம்.

ஆய்வகத்தின் வேலை விழித்திரை. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் அது. அங்கே உள்ள நரம்பு செல்கள் ஒவ்வொன்றும் மூளைக்கு ஓர் இழையை அனுப்புகின்றன. பத்து லட்சம் இழைகள் சேர்ந்து கயிறாகப் போகின்றன. சிலருக்கு அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வலிக்காது, சிவக்காது, தண்ணீர்கூட வராது. செத்தது செத்ததுதான். நேரத்தோடு கண்டுபிடித்தால் சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவே. இதில் வேடிக்கை என்னவென்றால், பார்வையில் ஓட்டை விழுந்த ஆளுக்கு அந்த ஓட்டை தெரியவே தெரியாது. அக்கம்பக்கத்தில் இருப்பதை இழுத்துப் போட்டு மூளை அதைப் பூசி மெழுகிவிடும். இதைப் பேராசிரியர் யார் வந்தாலும் சொல்வார். அதிகாரிகள் வந்தாலும் சொல்வார், தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவரிடமும் ஒரு முறை சொன்னார். சொல்லி முடித்ததும், "இப்ப நல்ல கண்ணுக்கு ஒரு உதாரணம் காட்டுறேன்" என்று அண்ணியைக் கூப்பிடுவார்.

அண்ணியின் ராஜ்ஜியம் மூன்றாம் எண் அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நடுவில் பார்வைப்பரப்பைச் சோதிக்கும் பழைய மெஷின். பெரிய வெள்ளைச் சட்டி ஒன்றைச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, சட்டிக்குள் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எழுபத்தாறு இடங்களில் மாற்றி மாற்றிச் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கடைசியில் மெஷின் ஒரு தாளைத் துப்பும். தெரிந்த இடம் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு. பதினாறு வருடமாக இந்தப் புள்ளிகளோடு மல்லுக்கட்டியதில் நோயாளிகள் அவளுக்கு 'புள்ளி அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுபது வயதுக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குரல் அப்படி.

"நடுவுல இருக்கிற மஞ்சள் புள்ளியை மட்டும் பாருங்க. வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க. தெரியலேன்னா அழுத்தாதீங்க. சத்தத்தைக் கேட்டு அழுத்தலாம்னு நினைக்காதீங்க, எனக்கே வித்தை காட்டாதீங்க." தினமும் பன்னிரண்டு பேருக்கு இதே பாட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கே மனப்பாடம்.

சத்தம் என்று அவள் சொன்னது உண்மைதான். அந்தக் கிழட்டு மெஷின் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யாது. அடுத்த இடத்துக்குப் போகும்போது மோட்டார் 'ஙீ' என்று இழுக்கும். வெளிச்சம் விடும்போது உள்ளே சின்ன மூடி ஒன்று 'டுக்' என்று திறக்கும். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க, நடுநடுவே வெறுமனே மோட்டாரை ஓட்டி 'ஙீ' மட்டும் போடும். அப்போது அழுத்தினால் ஆள் அகப்பட்டார். இதையெல்லாம் அண்ணி எனக்கு ஒரு மதியம் சொல்லித் தந்தாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த களையைப் பார்க்க வேண்டுமே, மெஷினைப் பெற்றவளே அவள்தான் என்கிற மாதிரி.

அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். வெளிச்சம் வந்தாலும் அழுத்துவார், வராவிட்டாலும் அழுத்துவார். ஒருநாள் அண்ணி தாளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே வந்துவிட்டாள்.

"என்ன சார் இது? தெரியாததுக்கெல்லாம் அழுத்தி வச்சிருக்கீங்க. இங்க யாரும் உங்களுக்கு மார்க் போட உட்காரலை."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலேன்னு சும்மா உட்கார்ந்திருக்கிறது ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா."

"கஷ்டமா இருக்குன்னு அழுத்தினா நரம்பு முளைச்சிடுமா? திரும்ப உட்காருங்க."

எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அண்ணியிடம் நியாயம் பேசப் போகிற அளவுக்கு எனக்கு உயிர் வெறுத்துப் போகவில்லை.

இவ்வளவு கறாரான அண்ணிக்கு வீட்டில் மட்டும் கொஞ்ச காலமாக நேரம் சரியில்லை. சாப்பாட்டு மேசையின் முனையில் இடுப்பை இடித்துக்கொண்டாள். மேசையைத் தப்பான இடத்தில் போட்டதாக அண்ணனுக்கு விழுந்தது அர்ச்சனை. அண்ணன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். பகல் முழுக்க எதை எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் மேசையை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. ஒரு முழம் தள்ளிப் போட்டார். திரும்பவும் இடித்தாள். சுவரோரமாகப் போட்டார். அங்கேயும் தேடிப் போய் இடித்தாள். நகர்ந்து நகர்ந்து மேசை கடைசியில் குளியலறைக் கதவுக்கு எதிரே போய் நின்றது. குளிக்கப் போகிறவர்கள் தட்டுகளைத் தாண்டித்தான் போனோம்.

டீக்கோப்பைகளும் அப்படித்தான். ஆறு கோப்பையில் நான்கு போயே போய்விட்டன. எல்லாமே அவள் இடது கைப் பக்கம் வைத்தவை. "யாரு இங்க வச்சது?" என்பாள். அவள்தான் வைத்திருப்பாள். அதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. தெருவில் போனால் இடது பக்கத்திலிருந்து சைக்கிள் வரும், "எருமை, திடீர்னு வர்றான் பாரு!" என்பாள். படிக்கட்டு திடீரென்று வந்தது. பக்கத்து வீட்டு நாய் திடீரென்று வந்தது. நானே ஒருநாள் திடீரென்று வந்துவிட்டேன். அரை மணி நேரமாக அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இப்படி எல்லாம் திடீர் திடீரென்று வந்துகொண்டிருந்தபோது ஆய்வகத்துக்கும் ஒன்று வந்தது, புது ஸ்கேன் மெஷின். பொத்தான் கிடையாது, கேள்வி கிடையாது. கண்ணைக் காட்டினால் போதும், விழித்திரையின் நரம்புப் படலம் எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்று நிறம் போட்டுக் காட்டிவிடும். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் மெலிந்துவிட்டது. முதலில் யார் கண்ணைக் காட்டுவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. எண் ஒன்று இருக்க இன்னொருவரா? அண்ணி தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சிவப்பு வந்தது. இடது கண்ணில் மேல்பக்கம் பட்டையாகச் சிவப்பு, வலது கண்ணில் ஓரமாக ஒரு கீற்று.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பப் பார்த்தார். பிறகு முப்பது வருட அனுபவத்தைத் திரட்டித் தீர்ப்புச் சொன்னார். "மெஷின்ல கோளாறு."

அண்ணி எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டாள். "நான் உட்காரும்போதே நினைச்சேன் சார். சத்தமே வரலையே, இதெல்லாம் ஒரு மெஷினான்னு."

மெஷினை விற்ற கம்பெனிக்குப் புகார்க் கடிதம் தட்டியது நான்தான். மெக்கானிக் வந்தான். எப்போதும் காது மடலில் இரும்புத் திருகாணி ஒன்றைச் செருகியிருக்கிற பையனாதலால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் திருகாணி. மெஷினைக் குடைந்து பார்த்தான், ஒன்றுமில்லை என்றான். போனான். இன்னொரு கடிதம் போயிற்று. திரும்ப வந்தான், திரும்ப ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை வந்தபோது அவனுக்கே ரோஷம் வந்துவிட்டது. தன் கண்ணை வைத்துப் பார்த்தான், பச்சை. என்னை உட்கார வைத்தான், பச்சை. வாசல் காவலாளியைக் கூப்பிட்டு வந்தான், அவர் கண்ணும் பச்சை. நோயாளிகளை வைத்தால் யாருக்கு எங்கே சிவப்பு வரவேண்டுமோ அங்கே சரியாக வந்தது.

"சார், எல்லாருக்கும் சரியாக் காட்டுது. அக்காவுக்கு மட்டும்தான் சிவப்பு" என்றான்.

பேராசிரியர் தாடையைத் தடவினார். "அப்ப ஒண்ணு தெளிவாயிடுச்சு. உங்க மெஷின் ரொம்ப ஆரோக்கியமான கண்ணைத்தான் தப்பாக் காட்டுது."

நான் இதைக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதச் சொன்னார், எழுதினேன். ஆனால் எழுதும்போதே அந்தச் சிவப்புப் பட்டையைத் திரும்பப் பார்த்தேன். கண்ணின் மேல்பகுதிதான் உலகத்தின் கீழ்ப்பகுதியைப் பார்க்கிறது என்று பேராசிரியர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கும் மண்டையில் ஏறியிருந்தது. மேலே சிவப்பு என்றால் கீழே தெரியாது. கீழே, இடது பக்கம். மேசை முனை, கோப்பை, படிக்கட்டு, நாய். எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன.

மதியச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தேன். "அண்ணி, வேற யாராவது கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். இடிச்சுக்கிறீங்க, கோப்பை உடையுது..."

"வீட்டுல சாமானைக் கண்ட இடத்துல வச்சா இடிக்காம என்ன பண்ணும்? பதினோரு வருஷமா மூணு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் எடுக்கிறேன். நாப்பத்திநாலு ஷீட். ஒண்ணுலயாவது ஒரு கறுப்புப் புள்ளி காட்டு பார்க்கலாம். என் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? பெரிய டாக்டர் வந்துட்டா."

சோற்றைப் பிசைந்தேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நாற்பத்திநான்கு தாளும் தும்பைப் பூ வெள்ளைதான். ஆனால் அந்தச் சிவப்பு உண்மையென்றால், இவள் வீம்பு பிடிக்கிற ஒவ்வொரு மாதமும் உள்ளே இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறது. போனதை எந்தப் பேராசிரியராலும் கொண்டுவர முடியாது. நான் அவளைக் கரித்துக் கொட்டுவேன், அது வேறு. அவள் குருடாகப் போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்னால் ஆகாது.

திருகாணியிடம் போய்ச் சொன்னேன். மேசையிலிருந்து நாய் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் காதிலிருந்த திருகாணியை எடுத்து இன்னொரு காதில் வைத்துக்கொண்டான். அவன் யோசிக்கிற விதம் அது.

"அந்தப் பழைய மெஷின்ல ரிப்பேருக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்குக்கா. ஒரு மூலைக்கு மட்டும் விளக்கை நிறுத்தி வைக்கலாம். மோட்டார் ஓடும், மூடி திறக்கும், எல்லாச் சத்தமும் வரும். வெளிச்சம் மட்டும் வராது."

"அதுக்கு?"

"அந்த மூலையில அக்கா அழுத்தக் கூடாது. அழுத்தினாங்கன்னா..." அவன் முடிக்கவில்லை.

மறுநாள் காலை கீழ் இடது மூலைக்கு விளக்கை நிறுத்தினான். அந்த மூலையில் பத்தொன்பது இடங்கள். முதலில் அவன் உட்கார்ந்தான். பத்தொன்பதும் கறுப்பு. நான் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டதும் விரல் துடித்தது, இருந்தாலும் வெளிச்சம் இல்லையே, பத்தொன்பதும் கறுப்பு. பிறகு நான் போய், "அண்ணி, பழைய மெஷினைச் சரிபார்க்கணுமாம், எண் ஒன்று வேணுமாம்" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளோ காத்திருந்த மாதிரி எழுந்தாள். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள்.

இடது கண்ணுக்குத்தான் சோதனை. வலது கண்ணை மூடினாள். தாடையை வைத்தாள். திருகாணி மெஷினை ஓட்டிவிட்டான். 'ஙீ, டுக்.' கட்டைவிரல் அழுத்தியது. 'ஙீ, டுக்.' அழுத்தியது. வெறும் 'ஙீ' வந்தபோது விரல் அசையவே இல்லை. என்ன அழகான வேலை! பொத்தான் மேல் அந்த விரல் தாளம் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழ் இடது மூலையின் முறை வந்தது. திரையில் எண் ஓடியது, வெளிச்சம் இல்லை, 'டுக்' மட்டும். விரல் அழுத்தியது. அடுத்தது, அழுத்தியது. ஒன்றுகூட விடவில்லை. பத்தொன்பதுக்கும் அழுத்திவிட்டு நிமிர்ந்தாள். இல்லாத வெளிச்சத்தைப் பத்தொன்பது தடவை பார்த்த ஒரே மனுஷி உலகத்தில் என் அண்ணியாகத்தான் இருப்பாள்.

அதற்குள் பேராசிரியரும் வந்துவிட்டார். மெஷின் தாளைத் துப்பியது. சுத்த வெள்ளை. அவர் அதைத் தூக்கிப் பிடித்து, "பார்த்தியா தம்பி? இதுதான் நார்மல்" என்றார் மெக்கானிக்கிடம்.

அண்ணி சிரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். எங்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்னடி? பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

திருகாணி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வேறு வழியில்லை, என் அண்ணி, நான்தான் சொல்ல வேண்டும். "அண்ணி, அந்தக் கீழ் மூலையில வெளிச்சம் பார்த்தீங்களா?"

"பார்க்காமலா அழுத்தினேன்?"

"அங்க வெளிச்சமே போடலை அண்ணி. விளக்கை நிறுத்தி வச்சிருந்தோம்."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. எதற்காகச் சிரித்தோம் என்று மறந்துபோன மாதிரி முகத்திலேயே தங்கியிருந்தது. பிறகு தன் கையைப் பார்த்தாள். பொத்தான் இன்னும் அதில்தான் இருந்தது.

"நான் பார்த்தேனே" என்றாள். குரலில் கொஞ்சமும் அதட்டல் இல்லை. "சத்தியமா, பார்த்தேன்னுதான் நினைச்சேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பொய் சொல்லவில்லை. பதினாறு வருடம் அந்த அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, காது சொன்னதை விரல் கேட்டு, விரல் அழுத்தியதைக் கண் பார்த்ததாக அவளே நம்பிவிட்டாள். மற்றவர்களை வித்தை காட்டாதீர்கள் என்று விரட்டியவளுக்கு அவள் விரலே வித்தை காட்டியிருக்கிறது.

பேராசிரியருக்கு வேறு கவலை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். "பதினோரு வருஷ ஆராய்ச்சி. எல்லாரையும் எண் ஒன்றோடதான் ஒப்பிட்டிருக்கோம். அடுத்த கட்டுரை வேற அச்சுக்குப் போயிருக்கு. இப்ப அவசரப்பட வேண்டாம். அது வெளியாகட்டும், மூணு மாசம் கழிச்சு நிதானமா..."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "சார், செத்தது திரும்ப வராதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, அந்தச் செல்லுங்க எல்லாம் உங்க கட்டுரை வெளியாகட்டும்னு காத்துக்கிட்டிருக்குமா?" என்று கேட்டுவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் கேட்டேன். வாங்கித் தந்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள், வேறு ஒன்று வாங்கித் தர மாட்டாளா?

அண்ணி என்னைக் கையமர்த்தினாள். அலமாரியைத் திறந்து நீல ஃபைலை எடுத்து மேசையில் வைத்தாள். நாற்பத்திநான்கு தாள். என் சிவப்புப் பேனாவைக் கேட்டாள். முதல் தாளில் குறுக்கே ஒரு கோடு, 'செல்லாது' என்று ஒரு வார்த்தை, கீழே கையெழுத்து. இரண்டாவது தாள். மூன்றாவது தாள்.

"எல்லாத்தையுமாம்மா?" பேராசிரியர் பதறினார். "ஆரம்பத்துல எடுத்ததெல்லாம் சரியாக்கூட இருக்கலாமே."

"எதுவரைக்கும் நான் பார்த்தேன், எங்கேருந்து விரல் பார்த்துச்சுன்னு எனக்கே தெரியலை சார். இதை வச்சு நோயாளிங்களை அளந்தா அவங்க பாவத்தை யார் சுமக்கிறது?" தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவள் செய்த முதல் காரியம், கூடத்தில் மாட்டியிருந்த எண் ஒன்றைக் கழற்றியது. இரண்டாவது காரியம், அண்ணனைக் கூப்பிட்டு மேசையைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னது. "மேசை மேல ஒரு தப்பும் இல்லைங்க" என்றாள். அண்ணன் ஒன்றும் கேட்காமல் மேசையை இழுத்துப் போட்டார். பிறகு அதன் முனையில் வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றிக் கட்டினார். அந்த மனிதர் அவ்வளவுதான் பேசுவார்.

மறுநாள் வேறொரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்ணில் அழுத்தம் ஏறாமலேயே நரம்பு மெலிகிற வகை என்றார் அந்த டாக்டர், அதனால்தான் வழக்கமான சோதனையில் சிக்கவில்லையாம். சொட்டு மருந்து எழுதினார். மிச்சத்தைப் பிடித்து நிறுத்த நிறைய வாய்ப்பு இருக்கிறது என்றார். ஆனால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தால்தானே இனிமேல் போகிறதா நிற்கிறதா என்று கணக்குப் பார்க்க முடியும். உண்மையான பார்வைப்பரப்புத் தாள் ஒன்று வேண்டும் என்றார். "எங்க மெஷின்லயே எடுத்துட்டு வர்றேன் டாக்டர்" என்றாள்.

ஊரில் வேறு மெஷின் இல்லையா என்ன? ஆனால் அவள் வீம்பு எனக்குத் தெரியும். எந்த மெஷின் முன்னால் ஏமாந்தாளோ, அதன் முன்னால்தான் உட்காருவாள்.

திருகாணி விளக்கைப் பழையபடி போட்டுக் கொடுத்தான். காது முழுக்க மூடுகிற கனமான ஹெட்போன் ஒன்றையும் கொண்டுவந்தான், துளைபோடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் மாட்டுவது. மெஷினை ஓட்ட ஆள் வேண்டுமே. தினமும் ஓட்டுகிற ஆளோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதை எப்போது தட்டுவது என்று திருகாணி எனக்குக் காட்டிக் கொடுத்தான். கடைசியில் நான்தான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வாசலில் அன்றைய நோயாளிகள் காத்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது, மூடத் தோன்றவில்லை.

ஹெட்போனை மாட்டும் முன் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "நடுவுல இருக்கிற மஞ்சள் புள்ளியை மட்டும் பாருங்க அண்ணி. வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க. தெரியலேன்னா..."

"அழுத்தாதீங்க" என்று அவளே முடித்தாள். "ம், போடு."

மோட்டார் ஓடியது. எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. மேலே, வலதில், நடுவில் வெளிச்சம் வந்தபோதெல்லாம் அழுத்தினாள், நிதானமாக. கீழ் இடது மூலையில் முதல் வெளிச்சம் வந்தது. என் திரையில் தெரிந்தது. பழகிய தாளத்தில் அவள் விரல் பொத்தான் மேல் ஏறியது, அழுத்தவில்லை. அடுத்தது, அழுத்தவில்லை. பொத்தானே உடைந்துவிடும் என்கிற மாதிரி அதைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள், ஆனால் கட்டைவிரலை விலக்கியே வைத்திருந்தாள். 'டுக்', 'டுக்' என்று எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அழுத்திடுங்க அண்ணி, ஒன்றே ஒன்றாவது அழுத்திடுங்க என்று நானே மனசுக்குள் கெஞ்சினேன். எவ்வளவு மடத்தனம் பாருங்கள்! பத்தொன்பதில் ஐந்துக்குத்தான் அழுத்தினாள். பதினான்கு கறுப்பு. பதினோரு வருடத்தில் அந்த மூலையைப் பற்றி அவள் சொன்ன முதல் உண்மை அது.

மெஷின் நின்றது. அவள் தாடையை எடுக்காமல் சட்டியைப் பார்த்தபடியே இருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிறகு பேசினாள். காதை மூடியிருந்ததால் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வராந்தா முழுக்க அதிர்ந்தது.

"தெரியலேன்னு சும்மா உட்கார்ந்திருக்கிறது இவ்வளவு கஷ்டம்னு ஒருத்தர்கூடச் சொல்லலையேடி!"

வெளியே பெஞ்சில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கும் தேதி, நான்தான் கொடுத்திருந்தேன். கதவிடுக்கு வழியாக அண்ணியின் முதுகைப் பார்த்தார்.

"நான் சொன்னேனேம்மா" என்றார் மெதுவாக.

அண்ணிக்குக் கேட்கவில்லை. நான் எழுந்து போய் அவள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன்.

"சார்," என்றேன், "இன்னொரு தடவை சொல்லுங்க."